குட்ஷெட்டில் எல்லோருக்கும் முப்பத்தெட்டு வயது

பதினொரு வருடமாக மோகனராஜுக்கு வயது முப்பத்தெட்டு. தமிழிலும் சிங்களத்திலும் அவருக்கு வருடா வருடம் வயது ஏறத்தான் செய்தது. முன்னந்தலை வழுக்கையானது, கிட்டப் பார்க்கக் கண்ணாடி வந்தது, போன ஆவணியில் நாற்பத்தாறு முடிந்தது. இங்கிலீஷில் மட்டும் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கண்டி ரயில் நிலையத்தில் இறங்கி, முதுகில் பெரிய பையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக வெளியே வரும் வெள்ளைக்காரர்கள், அவருடைய முச்சக்கரவண்டியில் ஏறி வாவிக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எப்படியும் கேட்டுவிடுவார்கள். அவரும் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வார்:

"ஐ ஆம் தர்ட்டி எய்ட் இயர்ஸ் ஓல்ட்."

அவர் மட்டுமல்ல. குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஆட்டோத் தரிப்பிடத்தில் நிற்கும் பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு வயது முப்பத்தெட்டு. ஒன்பது பேருக்கும் ஒரு மகன், ஒரு மகள். ஒன்பது பேரும் ஐந்து வருடம் கத்தாரில் வேலை செய்தவர்கள். ஒன்பது பேருடைய மனைவிமாரும் வீட்டில் இருக்கிறார்கள், தகப்பன்மார் எல்லோரும் வியாபாரிகள். ஒரு வெள்ளைக்காரர் ஒரே நாளில் இரண்டு ஆட்டோவில் ஏறினால்தான் விஷயம் வெளியே வரும். அப்படி ஏறியவர்களும் இருப்பார்கள். கண்டியில் ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் வாழ்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

காரணம் ஹபீலின் கொப்பி.

ஹபீல் திகனைக்காரர். தரிப்பிடத்தில் எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். கத்தாரில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்துவிட்டு வந்து ஆட்டோ வாங்கித் தரிப்பிடத்துக்கு வந்த புதிதில், வெள்ளைக்காரர்கள் அவருடைய ஆட்டோவைத்தான் தேடிப் போவார்கள். மற்றவர்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் என்றால் 'யெஸ்', 'நோ', 'டெம்பிள்'. ஒரு மழை மத்தியானம் சவாரி இல்லாமல் எல்லோரும் ஒரே ஆட்டோவுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நானா, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன்" என்று மோகனராஜ்தான் முதலில் கேட்டார். ஹபீல் மறுநாளே எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். இடது பக்கம் வெள்ளைக்காரர் கேட்கும் கேள்விகள், வலது பக்கம் பதில்கள், எல்லாம் தமிழ் எழுத்தில். தான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையே அவர் எழுதியிருந்தார். வேறு யாருடைய பதிலை அவர் எழுதுவார்?

எல்லோரும் பார்த்து எழுதினார்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

மோகனராஜ் அதைப் பாடமாக்கியது திறப்புக் கோவையைப் பழகிக்கொள்வதைப் போலத்தான். 'ஓல்ட்' என்று காதில் விழுந்தால் இரண்டாவது பதில். 'சில்ட்ரன்' என்றால் நாலாவது. 'ஃபாதர்' என்றால் ஆறாவது. பூட்டுக்கு எது பொருந்தும் என்று தெரிந்தால் போதும். திறப்பு எந்த இரும்பில் செய்தது என்று யார் பார்க்கிறார்கள்? 'சன்' என்றால் மகன் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளும் தன் வீட்டோடு பொருத்திப் பார்த்ததில்லை. அது சவாரியில் சொல்கிற பதில். வீடு வேறு.

வீட்டில் அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

அந்த ஐப்பசி மாதம் தரிப்பிடத்துக்கு ஒரு செய்தி வந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றும் ஆட்டோக்காரர்களுக்கு இனி ஒரு அடையாள அட்டை. அட்டை உள்ளவர்கள் மட்டுமே மலையில் இருக்கும் ஹோட்டல்களின் முற்றத்துக்குள் போகலாம், ரயில் நிலையத்தின் முன்வரிசையில் நிற்கலாம். இல்லாதவர்கள் பின்பக்கமாக நின்று மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டியதுதான். அட்டைக்கு இங்கிலீஷில் ஒரு சிறிய நேர்முகப் பரீட்சை. என்ன கேட்பார்கள் என்று சங்கச் செயலாளர் விசாரித்து வந்தார்: பெயர், வயது, ஊர், குடும்பம்.

"இவ்வளவுதானா?" என்றார் மோகனராஜ். "அத நான் தூக்கத்துல சொல்லுவேனே."

தரிப்பிடமே சிரித்தது. ஒருவருக்கும் கவலையில்லை. விண்ணப்பத்தை மோகனராஜின் மூத்தவள் நிலூஷாதான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். பிறந்த திகதி, மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் அதில் சரியாகவே இருந்தன.

பரீட்சை நடந்தது நகருக்குள் ஒரு மண்டபத்தில். வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் குட்ஷெட்காரர்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் இஸ்திரி போட்ட சட்டை. முதலில் ஹபீல் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன நானா, லேசா?"

"லேசுதான், லேசுதான்" என்றார் ஹபீல். "நீங்க போங்களேன், தெரியும்."

அடுத்து இரண்டு பேர். பிறகு கறுப்பையா. தரிப்பிடத்திலேயே இளையவன் அவன்தான், முப்பத்து மூன்று வயது. அவனும் உள்ளே போய்விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். அதற்குப் பிறகு மோகனராஜ்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் றலியா மேடம். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் ஆசிரியை. தலையில் இளநீல முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பென்சில். முன்னால் விண்ணப்பம்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் மோகனராஜ், மேடம்."

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

"ஐ ஆம் தர்ட்டி எய்ட் இயர்ஸ் ஓல்ட், மேடம்."

மேடம் விண்ணப்பத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வழுக்கையையும் ஒருமுறை பார்த்தார்.

"ஆர் யூ மேரிட்?"

"யெஸ் மேடம். மை வைஃப் இஸ் அ ஹவுஸ் வைஃப்."

"ஹவ் மெனி சில்ட்ரன்?"

"டூ சில்ட்ரன், மேடம். வன் சன், வன் டோட்டர். ஸ்கூல் கோயிங்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவரே சொன்னார்: "அன்ட் யூ வேர் இன் கத்தார். ஃபைவ் இயர்ஸ்."

"யெஸ் மேடம்!" என்றார் மோகனராஜ். மேடத்துக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

"மோகனராஜ்" என்று மேடம் தமிழுக்கு வந்தார். "நீங்க எந்த வருஷம் கத்தாருக்குப் போனீங்க?"

"நான் போகலையே மேடம். பாஸ்போட்டே எடுக்கல."

"அப்ப இது யாருட குடும்பம்?"

மோகனராஜ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே ஹபீல் மதிலில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அது... ஹபீல் நானாட, மேடம்."

"காலையில இருந்து அஞ்சாவது தடவையா இந்த ரெண்டு பிள்ளைகளப் பத்திக் கேக்குறன். முதல்ல வந்தவராவது சரியாச் சொல்லியிருப்பாரு எண்டு நினைச்சன். ஃபோம பார்த்தா அவருக்கு நாப்பத்தொன்பது வயசு. ஸ்கூல் போற மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் முடிஞ்சி!"

மேடம் சிரிக்கவில்லை என்றாலும் தாடை நடுங்கியது. விண்ணப்பத்தை ஒரு பக்கமாக வைத்தார்.

"அடுத்த புதன்கிழமை வாங்க. அதுதான் கடைசி நாள். பிழை பிழையாப் பேசினாலும் எனக்குப் பரவாயில்ல. ஆனா உங்கட பதிலா இருக்கணும். வண்டியில ஏறுறவங்களுக்கு உங்களப் பத்தித் தெரிய வேணும், ஹபீலப் பத்தி இல்ல."

வெளியே வந்ததும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹபீல்தான் முதலில் வெடித்தார்.

"எல்லாரும் சேந்து எண்ட பொஞ்சாதி புள்ளையள இழுத்து இழுத்து நைஞ்சி போகப் பண்ணிட்டீங்கடாப்பா! நான் சொல்லக்குள்ள அந்தப் பொம்புள நம்பவே இல்ல!"

"முதல்ல போனது நீங்கதானே நானா? ஏன் பதினொரு வருஷமா மகளுக்கு வயசே ஏத்தல?" என்றான் கறுப்பையா.

"கொப்பியில அப்படித்தானே ஈக்குது" என்றார் ஹபீல்.

மோகனராஜ் குடியிருப்பது மஹியாவையில். அன்று பின்னேரம் மனைவி நிரோஷா பேக்கரியில் வேலை முடிந்து, பையில் பாணோடு வந்தாள். பிளேன்டியைக் குடித்துக்கொண்டு அவர் நடந்ததை ஒரு பகிடியாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். 'பாஸ்போட்டே எடுக்கல' என்ற இடத்தில் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மகனா? எந்த மகன்?"

"நம்ம மகன் இல்ல. ஹபீல் நானாட மகன்."

"நம்ம மகன் இல்லன்னு எனக்குத் தெரியாதாக்கும். பெத்தவ நானு."

நடுவுள்ளவள் டிலுக்ஷி வாய்க்காரி. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள். "இருங்கப்பா. ஒரு மகன், ஒரு மகள்னா, எங்க மூணு பேர்ல யாரு அந்த மகள்? மத்த ரெண்டு பேரும் என்ன, வாடகைக்கு இருக்கோமா?"

"ஸ்கூல் போற மகள்னா நான் இல்ல" என்றாள் நிலூஷா உள்ளறையிலிருந்து. "நான் ஏ.எல். முடிச்சிட்டேன். என்னய சேக்காதீங்க."

ஒன்பது வயது யதுர்ஷா இதுவரை பேசாமல் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தினாள்: "அதான் அந்த வெள்ளக்கார அம்மா நீலச் சட்டையும் சிவப்புக் காரும் குடுத்துச்சா!"

ஒவ்வொரு தை மாதமும் கண்டிக்கு வரும் ஒரு வயதான ஜெர்மன் தம்பதி உண்டு. வந்தால் மோகனராஜின் ஆட்டோவில்தான் ஏறுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அம்மா ஒரு பார்சலைக் கொடுத்து ஏதோ சொன்னார். அவர் 'தேங்க் யூ' சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் ஆண் பிள்ளை போடுகிற சட்டை, பெட்டியோடு ஒரு விளையாட்டுக் கார். அவர்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் கொடுப்பார்கள் போல என்று நிரோஷாவே சமாதானம் சொல்லி, சட்டையின் கையைச் சுருக்கித் தைத்துக் கொடுத்தாள். காரை யதுர்ஷா இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இல்லாத அண்ணனுக்கு வந்த கார இவ ஓட்டுறா" என்று டிலுக்ஷி தரையில் விழுந்து சிரித்தாள்.

மகன் விஷயத்தில் நிரோஷாவுக்கு உண்மையில் மனவருத்தம் ஏதும் இல்லை. மூன்றாவதும் பெண் என்றபோது நாவலப்பிட்டியில் அவருடைய அக்காமார் உதட்டைப் பிதுக்கியதும், இவர் அதைக் கவனிக்காதவர் போல ஆஸ்பத்திரி வாசலில் நின்று காவல்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் லட்டு கொடுத்ததும் அவளுக்கு மறக்கவில்லை. அவளுக்குக் குத்தியது வேறொன்று. பாணை வெட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னப் பத்தி என்ன சொன்னீங்க?"

மோகனராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். "ஹவுஸ் வைஃப்னு."

"ஓஹோ."

"கொப்பியில அப்படித்தான்..."

"கொப்பி கெடக்கட்டும். விடியக்காலம் அஞ்சரைக்கு அந்தக் கடையத் தொறக்குறது யாரு? ஆறு வருஷமா நிண்ட நெலையில நிண்டு கால் வீங்கி வாறது யாரு? என்னய கொண்டுபோய் கடையில விடுறதே நீங்கதானே? விட்டுட்டு அப்படியே ஸ்டேசனுக்குப் போயி, எம் பொண்டாட்டி வீட்ல இருக்கான்னு சொல்லிட்டு வாறீங்களா?"

அன்று சாப்பாடு முடியும்வரை அவள் பிள்ளைகளோடு மட்டும் பேசினாள்.

மறுநாளே ஹபீல் ஒரு யோசனையோடு தரிப்பிடத்துக்கு வந்தார். பழைய கொப்பியைத் திருத்தி எழுதுகிறாராம். வயது, பிள்ளைகள், வேலை எல்லாவற்றுக்கும் வெறும் கோடு போட்டு விடுவாராம். அவரவர் நிரப்பிக்கொண்டால் முடிந்தது. நிலூஷாவும் வீட்டில் அதையேதான் சொன்னாள்: "நான் எழுதித் தாறேன், பாடமாக்குங்க." மோகனராஜ் இரண்டு பேரிடமும் வேண்டாம் என்றார். எழுதிக் கொடுத்தால் அதுவும் எழுதிக் கொடுத்ததாகத்தானே இருக்கும் என்று அவருக்குப் பட்டது. அதோடு, ஏழாவது வகுப்போடு நின்ற தன்னால் எவ்வளவு முடியும் என்று பார்க்கும் ஒரு வீம்பும் இருந்தது.

ஆட்டோவில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எதிர்பார்த்த அளவு கஷ்டமாக இல்லை. நிரோஷா வேலை செய்யும் இடத்தின் பெயர் இங்கிலீஷிலும் பேக்கரிதான். கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. தகப்பன் மூக்கையா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தது டீ ஃபெக்டரியில். அதுவும் இங்கிலீஷ். ஸ்கூல், எக்ஸாம், பென்ஷன், எல்லாமே இங்கிலீஷ்தான். தன் வீட்டைச் சொல்ல வேண்டிய சொற்கள் முக்கால்வாசியும் தன் வாயிலேயே இருந்திருக்க, திகனையிலிருந்து ஒரு குடும்பத்தை இரவல் வாங்கியிருக்கிறோமே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. அதிலும் அந்த ஆறாவது பதில்! வாரத்துக்கு நாலு தடவையாவது வெள்ளைக்காரர்களை ஹந்தானை மலையில் தேயிலை பார்க்க ஏற்றிக்கொண்டு போகிறார். போகும் வழியில், எங்கப்பா வியாபாரி என்று சொல்லிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை ஒரு பிரெஞ்சுக்காரர் ஏறினார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஹந்தானைக்குத்தான் சவாரி. ஏற்றம் ஏறும்போது அவர் ஃபாதரைப் பற்றிக் கேட்டார். மோகனராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மை ஃபாதர், டீ ஃபெக்டரி. தர்ட்டி டூ இயர்ஸ்" என்றார்.

அந்த மனிதர் சீட்டிலிருந்து எம்பி முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மலை உச்சிவரை கேள்விகள்தான். ஒன்றன் பின் ஒன்றாக, கையை ஆட்டி ஆட்டி. மோகனராஜுக்கு அதில் 'டீ' மட்டும்தான் விளங்கியது. 'யெஸ்' சொன்னார், 'நோ' சொன்னார், ஓரிடத்தில் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். சட்டை நனைந்துவிட்டது.

அவரை இறக்கிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு யோசித்தார். ஹபீலின் பதிலில் உள்ள வசதி அப்போதுதான் புரிந்தது. ஒரு மகன், ஒரு மகள், அப்பா வியாபாரி என்றால் 'ஓ, நைஸ்' என்று சொல்லிவிட்டு அவர்கள் வெளியே குரங்கைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் மேலே கேட்கிறார்கள். மேலே கேட்டால் தன்னிடம் ஒன்றுமில்லை. புதன்கிழமை மேடமும் மேலே கேட்டால்? அட்டை இல்லாமல் பின்வரிசையில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தார். அடுத்த தை மாதம் அந்த ஜெர்மன் அம்மா ஸ்டேசன் வாசலில் தன்னைத் தேடுவதும், தன்னை அங்கே நிற்க விடாததும் கண்ணுக்குள் வந்தது. பேசாமல் வயதை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு, மற்றதை மேலே கேட்க முடியாதபடி சின்னதாக முடித்துவிடலாமா என்றும் இருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்த எண்ணம் அவரை விடவில்லை.

செவ்வாய் பின்னேரம் கறுப்பையா அவருடைய ஆட்டோவுக்குள் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்குப் போறீங்களாண்ணே?"

"போகாம? நீ?"

"போகத்தான் வேணும்." அவன் கால் பெருவிரலால் மிதியடியைச் சுரண்டினான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாய் பேச்சியம்மாவுக்கு நடக்க முடியாது. அவரைப் பார்த்துக்கொள்வதிலேயே அவன் வயது போய்க்கொண்டிருந்தது. "சொன்னா சிரிக்கக் கூடாது. எனக்கு அந்தப் பொண்டாட்டி புள்ளைங்கள விட மனசில்ல."

மோகனராஜ் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஒம்பது வருஷமா சொல்றேண்ணே. சொல்லச் சொல்ல, அந்த மகனுக்குப் பேருகூட வச்சிட்டேன். நோட்புக்ல இல்ல, மனசுக்குள்ள. இப்ப போயி அந்த மேடத்துகிட்ட, வைஃப் நோ, சில்ட்ரன் நோ, ஒண்ணுமே நோன்னு சொல்லணும். அதுக்கு மேல அவங்க என்னத்த கேப்பாங்க, நான் என்னத்த சொல்லுவேன்?"

"எனக்கு மேல கேட்டுருவாங்களேன்னு பயம். உனக்குக் கேக்க மாட்டாங்களேன்னு பயம்" என்றார் மோகனராஜ். "நீ அம்மாவச் சொல்லு. பேச்சியம்மாள ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னா?"

கறுப்பையா இறங்கிப் போனான். அவனுக்குச் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்பது மோகனராஜுக்கு வீட்டுக்குப் போகும் வழியில் உறைத்தது. இருப்பதை வைத்துக்கொண்டு ஏன் சின்னதாக முடிக்க வேண்டும்?

புதன்கிழமை அதே றலியா மேடம், அதே மேசை, அதே பென்சில்.

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

"ஃபோர்ட்டி சிக்ஸ், மேடம்." தமிழில் சொல்வதைவிடக் கூச்சமாக இருந்தது. எட்டு வருடத்தை ஒரே வாரத்தில் கடந்தவரல்லவா?

"டெல் மீ அபவுட் யுவர் வைஃப்."

"மை வைஃப் நிரோஷா. வேர்க் பேக்கரி. கட்டுகஸ்தோட்டை ரோட். மோர்னிங் ஃபைவ் தர்ட்டி, ஷீ ஓப்பன் ஷொப்."

"சில்ட்ரன்?"

"த்ரீ டோட்டர்ஸ், மேடம்." மூன்று விரலையும் காட்டினார். "நோ சன்" என்று, கேட்காமலே, அதையும் சேர்த்துச் சொன்னார்.

"வாட் ஆர் தே லைக்?"

இது கொப்பியில் இல்லாத கேள்வி. மோகனராஜ் மேசை விளிம்பைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாக மனதில் கொண்டுவந்தார். "நிலூஷா, பிக் டோட்டர், குட். ஸ்டடி. ஸ்லோ டோக். டிலுக்ஷி..." சொல் கிடைக்கவில்லை. கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோய் விரல்களைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். "ஓல் டே, மேடம்." மேடம் குபுக்கென்று சிரித்துவிட்டார். "ஸ்மோல் ஒன் யதுர்ஷா. ஷீ லைக் கார். ட்ரைவர், லைக் மீ."

"அன்ட் யுவர் ஃபாதர்?"

"டீ ஃபெக்டரி. நாவலப்பிட்டி."

"வாட் டிட் ஹி டூ தேர்?"

வந்தேவிட்டது. மோகனராஜ் கதிரையின் நுனிக்கு வந்தார். அடுப்புக்கு விறகு தள்ளுவதைக் கையால் காட்டினார். "ஃபயர்." வறுபட்டு வரும் தூளை உள்ளங்கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து காட்டினார். "ஸ்மெல். ஹி நோ. மை ஃபாதர் ஸ்மெல், டீ ஓக்கே. மை ஃபாதர் ஸ்மெல், டீ நொட் ஓக்கே. மெஷின் நோ. ஃபாதர் நோஸ்." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அவருக்கே ஆச்சரியம், இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று. இலக்கணம் எங்கே போனதோ தெரியாது. மேடம் பென்சிலை எடுத்து எதையும் திருத்தவில்லை. கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குட்" என்றார். "நவ், யூ ஆஸ்க் மீ சம்திங்."

மோகனராஜுக்கு முதலில் விளங்கவில்லை. மேடம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "கேளுங்க" என்று தமிழில் சொன்னார். பதினொரு வருடத்தில் அவர் இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்கிறாரே தவிர, யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கொப்பியின் இடது பக்கம் எப்போதும் மற்றவர்களுடையது. வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"மேடம், ஹவ் மெனி சில்ட்ரன்?"

"டூ" என்றார் றலியா மேடம். "வன் சன், வன் டோட்டர்."

மோகனராஜ் அவரை உற்றுப் பார்த்தார். "ட்ரூ, மேடம்?"

"ட்ரூ!" மேடம் கண்ணீர் வரச் சிரித்தார். "அல்லாஹ்வே! எனக்குச் சத்தியமா ஒரு மகனும் ஒரு மகளும்தான்!"

விண்ணப்பத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, மேசை இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து, பெயரை எழுதி நீட்டினார். மோகனராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கி, வெளியே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் படித்தார்.

கறுப்பையா உள்ளே போனான். நீண்ட நேரம் வரவில்லை. ஹபீலும் மோகனராஜும் மதிலோரம் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீல் தன் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்; மகளுக்குக் கல்யாணமான கதையை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது என்றார். கடைசியில் கறுப்பையா வெளியே வந்தான். அவன் கையிலும் அட்டை.

"என்னடாப்பா கேட்டாங்க?" என்றார் ஹபீல்.

"கல்யாணம் இல்லன்னேன். 'ஒய்'னு கேட்டாங்க. மதர்னேன். அப்புறம் அம்மாவப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எத்தன மணிக்கு சோறு ஊட்டுவேன், என்ன சமைப்பேன்னு." அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் சமைப்பேன்னு அந்த மேடம் நம்பல. ரசம் வைக்கிறத இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டினேன்."

மோகனராஜ் கொஞ்சம் தள்ளிப் போய் பேக்கரிக்குப் போன் எடுத்தார். பின்னால் பாண் வெட்டும் மெஷின் சத்தம், யாரோ மீன் வைத்த மாலு பாண் கேட்கும் சத்தம்.

"என்னங்க, கூட்டமா இருக்கு. கிடைச்சிச்சா?"

"கிடைச்சிச்சு."

"சரி." யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பது கேட்டது. "என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பேக்கரின்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"மோர்னிங் ஃபைவ் தர்ட்டின்னும் சொன்னேன். நீதான் கடையத் தொறக்குறன்னும் சொன்னேன்."

அந்தப் பக்கம் அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் எதையோ சொல்வதும், இரண்டு பேரும் சிரிப்பதும் மங்கலாகக் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் பழையபடி இருந்தது.

"வரும்போது மல்லித்தூளும் கொஞ்சம் கருவாடும் வாங்கிட்டு வாங்க. நாலரைக்கு வந்து ஏத்திக்குங்க. லேட்டாக்காதீங்க, காலு வலிக்குது."